கிரியேட்டினும் இதயமும்: நெடுநாள் எடுத்துக்கொண்டால் நெஞ்சுக்கு என்ன ஆகும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளாக, தினமும் காலையில் ஜிம்முக்குப் போய்வந்த கையோடு ஒரு சிறு கரண்டி கிரியேட்டின் என்ற வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவருகிறான். சென்ற மாசியில் கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ‘கிரியேட்டினின்’ என்ற வேறொரு பொருளின் அளவு அவனுக்கு 1.4 என்று வந்தது. அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அன்று இரவே பெருந்துறையிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இவன் குடிக்கற பொடி கிட்னியையும் கெடுத்துப்போட்டு நெஞ்சையும் அடைச்சுப்போடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நீ காலேஜ்ல இதைத்தானே பாடம் எடுத்தே, கொஞ்சம் பார்த்துச் சொல்லு சாமி” என்றார்.

கோவையில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னவற்றையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் நாமக்கல்லிலும் தெருவுக்கொரு ஜிம் வந்துவிட்ட இந்நாளில், இதே கேள்வி பல வீடுகளில் எழுந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இந்தப் பொடி எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிரியேட்டின் என்பது ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கண்டுபிடித்த மருந்து அன்று, ஸ்டீராய்டும் அன்று. அது நம் உடல் தானாகவே நாள்தோறும் செய்துகொள்ளும் ஒரு பொருள். 1832ஆம் ஆண்டில் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்னும் 3 அமினோ அமிலங்களைக் கொண்டு சிறுநீரகம் முதற்கட்ட வேலையைச் செய்ய, கல்லீரல் அதை முடித்து இரத்தத்தில் விடுகிறது. இவ்வாறு நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் உடலுக்குள்ளேயே உருவாகிறது; கறியும் மீனும் உண்பவர்களுக்கு ஏறத்தாழ இன்னொரு கிராம் உணவிலிருந்து கிடைக்கிறது. சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவருடைய உடலில் எந்நேரமும் 120 கிராம் அளவில் கிரியேட்டின் இருக்கிறது என்றால், அதில் நூற்றுக்கு 95 பங்கு கைகால், முதுகு, தொடை போன்ற எலும்புத் தசைகளில்தான் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கை மூளையும் இதயமும் பிற உறுப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன.

பச்சைக் கறி ஒரு கிலோவில் 4 முதல் 5 கிராம் வரை கிரியேட்டின் இருக்கும். பாலிலும் தயிரிலும் மிகக் குறைவு. பருப்பிலும் காய்கறியிலும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தினமும் 5 கிராம் பொடி எடுப்பவர், கிரியேட்டினை மட்டும் கணக்கில் வைத்துப் பார்த்தால், நாள்தோறும் ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறி தின்பதற்குச் சமமான அளவை எடுத்துக்கொள்கிறார். நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சைவம் உண்ணும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுடைய தசைகளில் கிரியேட்டின் இருப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், பொடி எடுக்கத் தொடங்கியதும் அவர்களுக்கு மாற்றம் கூடுதலாகத் தெரிவதுண்டு.

இனி, அது தசைக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உயிரணுக்கள் எந்த வேலையைச் செய்யவும் ஏடிபி என்னும் மூலக்கூறையே செலவழிக்கின்றன. ஆனால் தசையில் எந்நேரமும் இருக்கும் ஏடிபி, கடும் உழைப்பில் சில விநாடிகளுக்கே போதுமானது. செலவான ஏடிபியை அந்த நொடியிலேயே மறுபடி உருவாக்கிக் கொடுப்பதற்காகத் தசை வைத்திருக்கும் கையிருப்புதான் பாஸ்போகிரியேட்டின், அதாவது பாஸ்பேட் ஒட்டிய கிரியேட்டின்.

இதைப் புரிந்துகொள்ளக் காங்கேயம், பல்லடம் பக்கத்துத் தோட்டங்களே போதும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் முக்கால் இஞ்சுத் தண்ணீர்தான் வருகிறது என்றால், அதை நேரே வயலுக்குத் திருப்பினால் தலைமடை நனைவதற்குள் மண் குடித்துவிடும். அதனால் விவசாயி இரவெல்லாம் தண்ணீரைத் தொட்டியில் தேக்கிவைத்து, விடிந்ததும் மடையைத் திறந்து வேகமாகப் பாய்ச்சிக்கொள்கிறார். போர், உயிரணுவின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா. நிதானமாக ஊறிக்கொண்டே இருக்கும். தொட்டி, பாஸ்போகிரியேட்டின், தேவைப்படும் கணத்தில் மடமடவென்று கொடுக்கும். கிரியேட்டின் பொடி சாப்பிடுவதால் இந்தத் தொட்டியின் கொள்ளளவு கொஞ்சம் கூடுகிறது. அதனால்தான் பளு தூக்குபவர் 8 முறை தூக்கிய எடையை 9 அல்லது 10 முறை தூக்க முடிகிறது. மாரத்தான் ஓடுபவருக்கு அந்த அளவுக்குப் பயன் தெரிவதில்லை.

இந்தப் பாஸ்போகிரியேட்டினை 1927ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லப்பிரகத சுப்பாராவ் என்பதை என் மாணவர்களிடம் நான் சொல்லாமல் விட்டதே இல்லை. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து அவர் அதைக் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியாக அதை எட்டினார்கள். சென்னையில் படித்துப்போன ஒருவருடைய உழைப்பு இன்று நம் ஊர் ஜிம் பையன்களின் கையிலுள்ள டப்பா வரைக்கும் வந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

இப்போது இதயத்துக்கு வருவோம். இதயமும் தசைதான், ஆனால் தொடைத்தசையைப் போல உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் தசை அன்று. நாளொன்றுக்குச் சுமார் 1 இலட்சம் முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புகளுக்காக அது ஒரு நாளில் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபியின் மொத்த எடை ஏறத்தாழ 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தன் எடையைப் போல 20 மடங்குக்கும் மேலான ஆற்றல் நாணயத்தை அச்சடித்து அச்சடித்து அன்றன்றே செலவழிக்கும் உறுப்பு அது. இப்படிப்பட்ட உறுப்புக்குத் தேக்கிவைக்கும் தொட்டியைவிட, இடைவிடாமல் ஓடும் வாய்க்கால்தான் முக்கியம். பவானியிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் வழியெங்கும் வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போவதைப் போல, இதயத்தில் கிரியேட்டின் செய்யும் வேலையில் பெரும்பகுதி, மைட்டோகாண்ட்ரியாவில் உருவான ஆற்றலைச் சுருங்கி விரியும் தசைநார்கள் வரை கொண்டுசேர்ப்பதுதான். ஆற்றலை வாங்கிய இடத்தில் பாஸ்போகிரியேட்டினாக மாறி, கொடுக்கும் இடத்தில் மறுபடியும் வெறும் கிரியேட்டினாகத் திரும்பி வருகிறது. இந்த மாற்றத்தை இருமுனையிலும் நடத்துவது கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி.

எனவே இதயத்துக்குக் கிரியேட்டின் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்படியானால் வாய்வழியாக நிறையக் கொடுத்தால் இதயம் இன்னும் வலுப்பெறுமா, அல்லது அளவு மீறித் தேங்கிக் கெடுமா என்பதே அடுத்த கேள்வி. இதற்கான விடையை இதயமே வைத்திருக்கிறது.

இதயத் தசை தனக்கு வேண்டிய கிரியேட்டினைத் தானே செய்துகொள்வதில்லை. இரத்தத்தில் வருவதை, தன் உயிரணுச் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம் ஒன்றின் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் புரதம் காவல் நிற்கும் மடைக்காரரைப் போன்றது. உள்ளே போதுமான அளவு இருக்கும்போது மடையை இறக்கிவிடுகிறது. எலிகளுக்கு நீண்ட நாள் தீவனத்தில் கிரியேட்டின் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அதன் அளவு ஏறியும் இதயத்தில் ஏறவில்லை. அதாவது, தொடைத்தசையின் தொட்டி நிறைவதைப் போல இதயத்தின் தொட்டி நிறைவதில்லை. நெடுநாள் பயன்பாடு பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்தி இதுதான். ஜிம்மில் பயன் தெரிகிறது என்பதால் இதயத்துக்கும் பயன் இருக்கும் என்று நம்புபவரும், தசை பருப்பதைப் போல இதயமும் வீங்கிவிடும் என்று அஞ்சுபவரும், இரண்டு தசைகளும் ஒன்றுபோலவே பொடியை ஏற்கின்றன என்ற ஒரே தவறான நினைப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த மடையை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே திறந்துவைத்தும் பார்த்திருக்கிறார்கள். மரபணுவை மாற்றி, இதயத்தில் கடத்திப் புரதம் அளவுக்கு மீறி உருவாகும்படி செய்த சுண்டெலிகளில், கிரியேட்டின் மிக அதிகமாக ஏறியபோது இதயச் சுவர் தடித்து, அறை விரிந்து, இறைக்கும் திறன் குறைந்தது. ஆனால் அதே வகைச் சுண்டெலிகளில் அளவோடு மட்டும் ஏறியிருந்தவற்றின் இதயங்கள், இரத்த ஓட்டம் தடைபட்டு மீண்ட பிறகு மற்றவற்றைவிடக் குறைவாகவே சேதமடைந்தன. கிரியேட்டினே இல்லாதபடி வளர்த்த சுண்டெலிகளோ, வியக்கத்தக்க வகையில், ஓடவும் மாரடைப்பைத் தாங்கவும் மற்றச் சுண்டெலிகளைப் போலவே இருந்தன. இவை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இதயத்தில் கிரியேட்டின் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஒரே கோட்டில் எழுதிவிட முடியாது என்பது புலப்படும். வாய்வழிப் பொடியால் மனித இதயத்தில் அந்த மிகை அளவு ஏற்பட்டுவிடும் என்று அஞ்ச இவை காரணமாகா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மடையை உடைத்தது மரபணு மாற்றமே தவிர, பொடி அன்று.

சுண்டெலியை விட்டு மனிதருக்கு வருவோம். பல ஆண்டுகள் கிரியேட்டின் எடுத்தவர்களைப் பற்றிய மிக நல்ல தரவு விளையாட்டு வீரர்களிடமிருந்து வரவில்லை. நரம்பு நோயாளிகளிடமிருந்து வந்தது. பார்க்கின்சன் நோயின் போக்கை மட்டுப்படுத்துமா என்று அறிய, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 10 கிராம் கிரியேட்டினும் மறுபாதியினருக்குக் கிரியேட்டின் இல்லாத போலிப் பொடியும் கொடுத்து, 5 ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடரும்படி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. நோய்க்குப் பயன் இல்லை என்று தெரிந்ததால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அறுபதை ஒட்டிய வயதினர் என்பதையும், ஜிம்மில் வழக்கமாக எடுக்கும் அளவைப்போல இரண்டு மடங்கு எடுத்தார்கள் என்பதையும் கருதும்போது, இந்த ஒரு செய்தி எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது. பிரேசிலில் மாதவிடாய் நின்ற பெண்கள் 200 பேருக்கு 2 ஆண்டுகள் நாளொன்றுக்கு 3 கிராம் கொடுத்த ஆய்விலும் எலும்புக்குப் பயன் கிட்டவில்லை என்றாலும் கேடும் தென்படவில்லை. நலமுள்ளவர்கள் நாளொன்றுக்கு 30 கிராம் வரை 5 ஆண்டுகள் எடுத்தும் தீங்கு காணப்படவில்லை என்று 2017இல் விளையாட்டு ஊட்டச்சத்துக்கான பன்னாட்டுச் சங்கம் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

இங்கே ஒரு வரம்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகள் மாரடைப்பை எண்ணுவதற்காக வடிவமைத்தவை அல்ல. வேறொன்றைத் தேடும்போது, வழியில் தீங்கு எதுவும் தென்படுகிறதா என்று பார்த்தவை. இருபது வயதில் தொடங்கி ஐம்பது வயது வரை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவை விடை சொல்லா. ஐந்தாண்டு அளவில் ஆபத்து தென்படவில்லை என்பது உறுதியான கூற்று. முப்பதாண்டு அளவில் ஆபத்து இல்லை என்பது அந்த அளவுக்கு உறுதியான கூற்று அன்று.

இதய நலத்தோடு தொடர்புடைய மற்ற அளவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வில் இருக்கும்போதுள்ள இரத்த அழுத்தத்தைக் கிரியேட்டின் குறிப்பிடும்படி உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இரத்தக் கொழுப்பைக் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகள் சொன்னாலும், மற்றவை அதை உறுதிசெய்யவில்லை. உடல் கிரியேட்டினைச் செய்யும்போது இரத்தத்தில் மிகுந்தால் இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் உண்டாவதால், பொடி எடுத்தால் உடலின் வேலை குறைந்து அந்தப் பொருளும் குறையும் என்று கோட்பாட்டளவில் எதிர்பார்த்தார்கள்; மனிதரில் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாகவே வந்தன. ஆகவே இதயத்துக்கு நல்லது என்று சொல்லி இந்தப் பொடியை யாராவது விற்றால், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே நான் சொல்வேன்.

திண்ணையில் நான் இந்த இடத்துக்கு வந்தபோது, அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர், “ஏனுங்க மாப்பிள்ளை, அப்படின்னா நெஞ்சு பலமில்லாதவங்களுக்கு இதைக் கொடுத்தா நல்லதுங்களா?” என்று கேட்டார். அவருடைய அண்ணன் இதயத் தளர்ச்சிக்காக, அதாவது இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நோய்க்காக, ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டு வருகிறார். அதனால் அந்தக் கேள்வி வெறும் ஆவலில் எழுந்தது அன்று.

இதயத் தளர்ச்சி உள்ளவர்களின் இதயத் தசையில் கிரியேட்டின் கணிசமாகக் குறைந்துவிடுகிறது என்பது உண்மை. உடலைத் திறக்காமலேயே, காந்தப் புலத்தைப் பயன்படுத்தி, இதயத்தில் பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தை அளக்க முடியும். நலமுள்ள இதயத்தில் அது ஏறத்தாழ 2 என்ற அளவில் இருக்கும். இதயம் விரிந்து தளர்ந்த 39 நோயாளிகளை ஜெர்மனியில் பின்தொடர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விகிதம் 1.6க்குக் கீழே இருந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. இதைப் படித்தவுடன், குறைந்ததை நிரப்பினால் சரியாகிவிடாதா என்று தோன்றுவது இயல்புதான். ஸ்வீடனில் 17 இதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கு 10 நாள்கள் நாளொன்றுக்கு 20 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால் தசைகளின் வலுவும் தாங்குதிறனும் கூடின. இதயம் இறைக்கும் அளவோ மாறவில்லை. கிரியேட்டினும் அதன் வகைப்பொருள்களும் இதய நோயில் பயன்படுமா என்று 2011இல் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும், பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றே முடித்தது. நோயுற்ற இதயத்தில் மடையே பழுதாகிவிடுகிறது; கடத்திப் புரதம் குறைந்துபோகிறது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், மடை அடைபட்ட வயலுக்கு அது ஏறாது.

இதயத் தளர்ச்சி உள்ளவர் தானாகவே இதை எடுக்கக்கூடாது என்பதற்கு, பயனின்மையைவிடவும் கூர்மையான காரணம் ஒன்று உண்டு. கிரியேட்டின் தசைக்குள் நுழையும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்வதால், தொடங்கிய முதல் வாரத்தில் 1 முதல் 2 கிலோ வரை எடை கூடுவதுண்டு. நலமுள்ள இளைஞருக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதயத் தளர்ச்சி உள்ளவரிடம், தினமும் காலையில் எடை பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். உடலில் நீர் கோத்துக்கொள்வதற்கு அதுவே முதல் அடையாளம். பொடியால் ஏறிய எடை எது, நோயால் ஏறிய எடை எது என்று பிரித்தறிய முடியாமல் போனால், அந்த எச்சரிக்கை மணியே பயனற்றுப்போகும். அவர்கள் சாப்பிடும் ராமிபிரில், ஃபியூரோசமைட் போன்ற மாத்திரைகளின் அளவைச் சரிசெய்ய மருத்துவர்கள் பார்ப்பதும் இரத்தத்திலுள்ள கிரியேட்டினினைத்தான். பொடி அந்த எண்ணையும் குழப்பிவிடும். அக்காவின் வீட்டுக்காரர் தன் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

கிரியேட்டினின் என்ற சொல்லுக்கு வந்துவிட்டதால், அக்காவை அன்று இரவு தூங்கவிடாமல் செய்த அந்த 1.4ஐ விளக்கிவிடுகிறேன். கிரியேட்டின், கிரியேட்டினின், கிரியேட்டின் கைனேஸ் ஆகிய மூன்று பெயர்களும் உடன்பிறந்தவை போல ஒலித்தாலும் மூன்றும் வெவ்வேறு. உடலிலுள்ள கிரியேட்டினில் நாள்தோறும் நூற்றுக்கு 2 பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு தானாகவே சிதைந்து கிரியேட்டினினாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானால் அது இரத்தத்தில் தேங்கும். அதனால்தான் அதைச் சிறுநீரகத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஆனால் தசை அதிகமுள்ளவருக்கும், பொடி எடுப்பவருக்கும், முந்தின நாள் நிறையக் கறி சாப்பிட்டவருக்கும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்று மேலே நிற்கும். குப்பை கூடுதலாக உண்டாகிறதா, கூட்டுபவர் சரியாகக் கூட்டவில்லையா என்று அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐயம் தீர, சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது தசையின் அளவையும் கிரியேட்டினையும் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும்.

மூன்றாவது பெயரான கிரியேட்டின் கைனேஸ், மருத்துவமனை அறிக்கைகளில் சி.கே. அல்லது சி.பி.கே. என்று வரும். தசை அடிபட்டால் அந்த நொதி இரத்தத்தில் கசியும். அதன் இதய வகையான சி.கே.எம்.பி.யை வெகுகாலம் மாரடைப்பைக் கண்டறியப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதத்தின் பரிசோதனை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கடுமையான கால் பயிற்சி செய்த மறுநாள் இரத்தம் கொடுத்தால் மொத்த சி.கே. பல மடங்கு ஏறியிருப்பது சாதாரணமாக நடப்பது. அது மாரடைப்புக்கு அடையாளம் அன்று. பொடி சாப்பிட்டதன் அளவும் அன்று. பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சியை நிறுத்திவைப்பதும், பொடி எடுப்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வதும் வீண் பதற்றத்தைத் தவிர்க்கும். மருத்துவர் கண்டிப்பார் என்று அஞ்சி நம் பையன்கள் இதை அவரிடம் மறைக்கிறார்கள். என் அக்கா மகனும் மறைத்திருந்தான்.

சரி, இவ்வளவு இருந்தும் ஜிம்மில் இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்தார் என்றால் ஊரே பொடியைக் குற்றஞ்சாட்டுவது ஏன்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997இன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். உடனே கிரியேட்டின்மீது சந்தேகம் விழுந்தது. விசாரித்தபோது, எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காக அவர்கள் ரப்பர் உடை அணிந்து, சூடான அறையில் பயிற்சி செய்து, தண்ணீர் குடிக்காமல் உடலை வற்றவிட்டதே காரணம் என்று தெரியவந்தது. ஆனால் பழி அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுப்பு அந்த அளவுக்குப் பரவவில்லை.

நம் ஊரில் கவலைப்பட வேண்டியது டப்பாவில் எழுதியிருக்கும் கிரியேட்டினைப் பற்றியன்று, எழுதாமல் உள்ளே இருப்பதைப் பற்றியே. விரைவில் உடம்பு ஏறும் என்று சொல்லி, பெயரில்லாத பொட்டலங்களிலும் ஊசிகளிலும் கைமாறும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் இதயத்தை உண்மையாகவே கெடுக்கின்றன: கெட்ட கொழுப்பை ஏற்றி, நல்ல கொழுப்பை இறக்கி, இதயச் சுவரைத் தடிக்கச் செய்கின்றன. பயிற்சிக்கு முன் குடிக்கும் ‘ப்ரீ ஒர்க்அவுட்’ பொடிகள் பலவற்றில் கிரியேட்டினோடு காஃபினும் நிறைய இருக்கும். நெஞ்சு படபடப்பு வந்தால் அதற்குக் காரணமாக முதலில் ஐயப்பட வேண்டியது அந்தக் காஃபினைத்தான். என் அக்கா மகனுடைய டப்பாவை வாங்கிப் பார்த்தேன். சேர்பொருள் என்ற இடத்தில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பெயர், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண், தொகுதி எண், காலாவதித் தேதி. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலமாரியில் அதற்குப் பின்னால் இன்னொரு டப்பாவும் இருந்தது. பயிற்சியாளர் கொடுத்தது என்றான். அதில் சேர்பொருள்களுக்குத் தனித்தனி அளவு போடாமல், எல்லாவற்றையும் சேர்த்து ‘கலவை’ என்று ஒரே எடையைப் போட்டிருந்தார்கள். அதைக் குடித்த நாள்களில் இரவு தூக்கம் வருவதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

அளவைப் பற்றிச் சொல்வதானால், நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் எடுத்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் கட்டாயமன்று. குறைந்த அளவிலேயே எடுத்தாலும் மூன்று நான்கு வாரங்களில் தசை அதே நிலையை எட்டிவிடும், வயிற்றுப்போக்கும் வராது. சித்திரை வெயிலில் உழைப்பவர்கள் தண்ணீரைக் குறைக்கக்கூடாது என்பது பொடி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், இதயத் தளர்ச்சி உள்ளவர்கள், இதயத் துடிப்பில் சீர்கேடு உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை கிரியேட்டினை அல்ல, ஜிம்மையே தொடங்குவதற்கு முன் இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது; தடித்த இதயச் சுவர் போன்ற பிறவிக் குறைகள் கடும் உழைப்பின்போதுதான் முதன்முதலாகத் தலைகாட்டும்.

மருத்துவர் சொன்னபடி என் அக்கா மகன் பொடியை மூன்று வாரம் நிறுத்தி, பயிற்சியையும் மிதப்படுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தான். கிரியேட்டினின் 1.1க்கு இறங்கியிருந்தது, சிஸ்டாட்டின் சி இயல்பான அளவில் இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை. ஆனால் அன்று கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 148க்கு 96 என்று காட்டியது. ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதால், வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவரச் சொன்னார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிலேயே அழுத்தம் வந்ததையும், ஷிப்மென்ட் நாள்களில் பையன் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதையும் அக்கா மருத்துவரிடம் சொன்னார். தூக்கத்தைக் கெடுத்த அந்த இரண்டாவது டப்பாவை அவன் பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் வைத்தான். முதல் டப்பாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இதை எப்போதிலிருந்து குடிக்கிறாய் என்று கேட்டு, அந்த நாளைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.